மாமா கழற்றிப் பூட்டிய கார்

என்னோடு தேயிலை மலையில் வளர்ந்து, இப்போது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு மூலையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் என் வயதுப் பெண்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்ற சாம்பல் நிறக் கார் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தவர்கள்தானே நீங்கள். அந்தக் கார் ஏன் திடீரென்று காணாமல் போனது, எங்கள் மாமா ஏன் போனார் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதுவது பரவாயில்லை. காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா மண்டோர். கொளுந்து பறிக்கும் பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பது, மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி மாற்றலாகி மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியபோது தன் பழைய காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். இன்று அப்படித்தான் தோன்றுகிறது. அன்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். லயத்தில் முதல் கார் அதுதான்.

நம் தோட்டம் பள்ளத்தில் இருந்தது. ஆலை, லயம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கீழே. பெரிய ரோட்டுக்குப் போக, தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். கார் சமதளத்தில் ஓடியது. மேட்டில் எஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் நகரவில்லை. அதனால் அப்பா லயத்திலிருந்து கோயில்வரை ஓட்டுவார், கோயிலிலிருந்து லயம்வரை ஓட்டுவார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாள். எங்கள் வீட்டிலேயே அடுப்படியை ஒட்டிப் படுத்துக்கொள்வார். தோட்டத்துப் பட்டறையில் பிட்டருக்குக் கையாள். அவர் பிறந்தது இதே மலையில்தான், ஆனால் அந்தப் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் அவரிடம் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி அட்டை. சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். பெர்மிட் கிடைக்காதவர்கள் குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்களே, உங்களுக்குத் தெரியாததா. மாமாவுக்காகத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்ப் பேசக்கூடிய ஒரே ஆள் அப்பா.

இன்னொன்றும் இருந்தது. என் அக்காவை மாமாவுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முறையும் அதுதான். அக்கா அப்போது கொளுந்துக்குப் போகத் தொடங்கிச் சில வருடம் ஆகியிருந்தது. அவளுக்கும் ஆசை இருந்தது. மாமா வீட்டுக்குள் வந்தால் அவள் அடுப்படியில் இல்லாத வேலையையெல்லாம் தேடிச் செய்வாள்.

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"உன் தம்பிக்கு வேல தெரியும், வேல தெரியும்ங்கறியே. இந்தக் காடிய மேட்டுல ஏத்திக் காட்டச் சொல்லு. அப்புறம் பொண்ணயும் பேசலாம், பெர்மிட்டயும் பேசலாம்."

அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகுவதற்குள் மாமா காரின் முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். தண்ணீரை வடித்தார். கறுத்த எண்ணெயை டின்னில் இறக்கினார். ரேடியேட்டர், ரப்பர் குழாய், புகைக்குழாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து சாக்கின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. வயர்களைக் கழற்றும்போது, திரும்ப மாட்டுகையில் மாறிவிடக் கூடாதென்று அக்காவின் பழைய ரிப்பன்களைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் கட்டினார். பூப்போட்ட ரிப்பன் எந்த வயருக்கு என்று எனக்கு இப்போது நினைவில்லை. அக்காவுக்கு நினைவிருக்கும்.

போல்ட்டுகளைப் பால் டின்களில் போட்டு அவளிடம் நீட்டுவார். அவள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பாள். இருவரும் அதிகம் பேசவில்லை. "இது எங்க மாமா உள்ளது?" "அது கியர் பாக்ஸோடது. தனியா வை." அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அக்காவின் தலைமுடியில்கூட மண்ணெண்ணெய் வாசம் இருந்தது. கொளுந்துக்காட்டில் பெண்கள் சும்மா விடுவார்களா?

"என்னாடி, ஒன் மேல ஒரே மண்ணெண்ண வாடையா இருக்கு?"

"மாப்ள இப்பவே மாமியா வீட்டு வேலைய ஆரம்பிச்சிட்டாருல்ல, அதான்."

"அது அவரு அக்கா வீடுடி."

"இனிமே ரெண்டும் ஒண்ணுதானேலா!"

எஞ்சினைத் தூக்க லயத்து ஆண்கள் வந்தார்கள். கயிற்றால் எஞ்சினைக் கட்டி, முற்றிய மூங்கில் ஒன்றை அதில் நுழைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவராகத் தோள் கொடுத்தார்கள். சாமி தூக்குகிற அதே மூங்கில்.

"டேய், சாமி தூக்கறப்ப பின்னால ஒளிஞ்சி நிப்ப. இன்னிக்கி என்னா முன்னால வந்துட்ட?" என்று லாரி டிரைவர் கேட்டார்.

"சாமிக்குத் தூக்குனா சுண்டல்தான். மண்டோர் வீட்டுல கோழிக்கறிலா!"

"தூக்காதீங்கண்ணே, தூக்காதீங்க! மொதல்ல முன்னால இழுங்க!" என்று மாமா காருக்கு அடியிலிருந்து கத்தினார். கியர் பாக்ஸுக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். மூங்கில் வளைந்தது. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கி, திடீரென்று விடுபட்டு ஊஞ்சல்போல் ஆடியது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மாமா எழுந்து நின்றபோது கண்ணையும் பல்லையும் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. அக்கா சிரித்தாள். அப்பா இருப்பதைப் பார்த்து உடனே குனிந்துகொண்டாள்.

வெளியே வைத்தால் பனி இறங்கும் என்று எஞ்சினை வீட்டுக்குள் கொண்டுவந்து முன்னறையில் சாக்கின் மேல் இறக்கினார்கள். "கல்யாணப் பொண்ணு உக்கார்ற எடத்துல எண்ணெ பூதத்தக் கொண்டாந்து உக்கார வச்சிட்டான்" என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே அதற்கு ஒரு பழைய கம்பளியும் போர்த்தினாள்.

எஞ்சினின் பின்பக்கம் ஒரு வட்ட மூடி. அதைக் கழற்றியதும் உள்ளிருந்து தட்டு ஒன்று கையில் வந்தது. சின்னப் பிள்ளை சாப்பிடும் தட்டளவு. இருபுறமும் பழுப்பு நிறப் பூச்சு தேய்ந்து ஆணிகள் தெரிந்தன. மாமா அப்பாவிடம் காட்டினார்.

"பாருங்க மச்சான், கிளட்ச் தட்டு. இது இறுக்கமாப் புடிச்சாத்தான் எஞ்சின் சுத்தறது சக்கரத்துக்குப் போவும். சுத்தமா தேஞ்சிருச்சு. அதான் மேட்டுல வழுக்குது. புதுசு போட்டா ஏறிடும்."

"ஏறணும்" என்றார் அப்பா.

காய்கறி லாரி டிரைவரிடம் சொல்லி ஈப்போவிலிருந்து புதுத் தட்டு வந்தது. அது வந்த மாலை, மாமா ஆலையில் ராத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காகிதத்தில் சுற்றியிருந்ததை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார்.

"அக்கா, இதப் பத்திரமா வை. ஈரம் படக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். வேறொரு ஊரில் சொல்லியிருந்தால் அதற்கு வேறு அர்த்தம் இருந்திருக்கும். நம் மலையில் ஈரம் படாமல் இரும்பை வைப்பது எப்படி? பனி எல்லாவற்றையும் தின்றுவிடும். அரிவாள்மணை, மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, எது புதிதாக வீட்டுக்கு வந்தாலும் முதலில் நல்லெண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் ஒரு ராத்திரி வைத்துத்தானே மறுநாள் கையில் எடுப்போம். உங்கள் வீட்டிலும் அதுதானே.

அம்மா குளித்துவிட்டு வந்தாள். தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தாம்பாளத்தில் தட்டை வைத்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு பக்கமும் ஓரம் விடாமல் தேய்த்தாள். அந்தப் பழுப்புப் பூச்சு எண்ணெயைக் குடித்தது. குடிக்கக் குடிக்க அம்மா ஊற்றினாள். நடுவில் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டும்போது அவள் உதடுகள் அசைந்தன. யாருக்காக என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தம்பிக்கும்.

காலையில் மாமா வந்து தாம்பாளத்தைப் பார்த்தார். தட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"சாமிகிட்ட வச்சிட்டேன் தம்பி" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "இனிமே ஒரு கொறையும் வராது."

"சரிக்கா" என்றார். தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு வாசலுக்குப் போய்ப் பெட்ரோலை ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவினார். துணியால் துடைத்தார். அடுப்புக்கு அருகே சாய்த்துக் காயவைத்தார். மறுபடி முகர்ந்தார். அந்தத் தட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் படக் கூடாது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இன்னொரு தட்டுக்கு ஈப்போவுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை. பெர்மிட்டுக்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை குடும்பத்தோடு பிரிஞ்சாங் டவுனுக்குப் போகிறேன் என்று அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லியும் விட்டார். கழுவியது போதும் என்று மாமா நம்பியிருக்க வேண்டும்.

தேயிலைக் கிளை ஒன்றைச் செதுக்கிக் குச்சியாக்கி, அதைத் துளையில் நுழைத்து, தட்டைச் சரியாக நடுவில் நிறுத்திப் பூட்டினார். மறுபடி மூங்கில், மறுபடி நாலு பேர், மறுபடி கோழிக்கறி. ரிப்பன் பார்த்து வயர் மாட்டினார். கார் முதல் முறுக்கிலேயே உறுமியது. அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். கோயில்வரை ஓட்டிப் பார்த்தார்கள். வெண்ணெய்போல் ஓடியது. அப்பா மாமாவின் தோளில் தட்டியதை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கொளுந்து நிறுக்கும் நேரத்தில் கிளம்பினோம். நிறுவைக் கொட்டகை மேட்டின் பாதியில், வளைவில் இருந்தது. எல்லாரும் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காகவே அப்பா அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஓட்டினார். பக்கத்தில் மாமா. பின்னால் அம்மா, அக்கா, நான். அக்கா தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

முதல் வளைவு ஏறியது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கொட்டகை தெரிந்தது, கூடையோடு நிற்கும் பெண்கள் தெரிந்தார்கள். அப்போது எஞ்சின் கத்தத் தொடங்கியது. கார் மெதுவாகி நின்றது. அப்பா இன்னும் மிதித்தார். கருகிய வாடை உள்ளே நிறைந்தது. கார் பின்னால் உருள ஆரம்பித்தது. மாமா கதவைத் திறந்து குதித்து, சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளினார்.

நாங்கள் இறங்கினோம். கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் வந்த காய்கறி லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. அப்பா நேராக மாமாவிடம் போய், அத்தனை பெண்களுக்கு முன்னால், கன்னத்தில் அறைந்தார்.

"இதான் உன் வேலையாடா? ஒரு காடிய ஒழுங்காப் பூட்டத் தெரியல, எம் பொண்ண வச்சிக் காப்பாத்துவியா நீ? சொல்லு! யாரு தப்பு இது?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தீபாவளிச் சேலையின் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மச்சான் சரியாப் பூட்டல" என்றார் மாமா.

அப்பா அந்தக் காரை மறுபடி அவரைத் தொட விடவில்லை. அதே வாரம் காய்கறி வியாபாரியான தௌக்கே ஒருவரிடம் பழைய இரும்பாகக் கொடுத்துவிட்டார். லாரியில் கட்டி இழுத்துப் போனார்கள். பெர்மிட்டுக்காகத் துரையிடம் போய்ப் பேசவும் இல்லை. அம்மா கெஞ்சினாள், ஒருமுறை காலில்கூட விழுந்தாள். "நாலு பேர் என்னப் பாத்துச் சிரிக்க வச்சவனுக்கு நான் போய் நிக்கணுமா?" என்றார். கெடு முடிந்தது. மாமாவின் பேர் வேலையிலிருந்து எடுக்கப்பட்டது.

தான் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு மாமா புறப்பட்டார். பினாங்கில் கப்பல். தாப்பா பஸ் வரும் இடத்துக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மா சோற்று மூட்டையைக் கொடுத்துவிட்டு, "அங்க போயாவது வேலைய ஒழுங்காக் கத்துக்க தம்பி" என்றாள். பிரியத்தோடுதான் சொன்னாள். "சரிக்கா" என்று மாமா சிரித்தார். என் தலையில் கையை வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். அக்கா வரவில்லை. வழக்கம்போல் கூடையை மாட்டிக்கொண்டு கொளுந்துக்குப் போயிருந்தாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டேன், சுகம் என்று ஒரே ஒரு காயிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அக்காவைக் கம்போங் ராஜாவில் பூந்தோட்டம் வைத்திருந்தவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். அக்கா அவரைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை, வேறெதுவும் சொல்லியும் கேட்டதில்லை.

பல வருடம் கழித்து, எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, என் வீட்டுக்காரரின் பூ லாரி பிரிஞ்சாங்கில் ஒரு சீனர் பட்டறையில் கழற்றிப் போட்டுக் கிடந்தது. சாப்பாடு கொண்டுபோன நான், பெஞ்சில் இருந்த தட்டு ஒன்றைப் பார்த்தேன். அதே பழுப்புப் பூச்சு. ஏதோ நினைவில் கையை நீட்டினேன்.

"ஏய் தங்காச்சி, ஜாங்கான் பெகாங்லா!" என்று பட்டறைக்காரர் ஓடிவந்தார். தொடாதே என்கிறார். என் கையில் பலகார எண்ணெய் இருப்பதைக் காட்டி, மலாயும் தமிழும் கலந்து விளக்கினார். கொஞ்சம் எண்ணெய் பட்டாலும் அவ்வளவுதான், சமதளத்தில் ஓடும், மேடு மட்டும் ஏறாது, கழுவினாலும் போகாது, ஊறிவிடும் என்றார்.

சாப்பாட்டுக் கேரியரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமா தட்டை முகர்ந்துகொண்டு நின்ற அந்தக் காலைதான் கண்ணுக்குள் இருந்தது. சந்தன வாசத்தை முகர்கிறார் என்று அன்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாளே கம்போங் ராஜா பஸ் ஏறினேன். அப்பா அதற்குமுன் தவறிவிட்டார். அம்மா அக்காவோடு இருந்தாள். அக்கா கொட்டகையில் சாமந்தியைக் கட்டுக் கட்டாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா சற்றுத் தள்ளி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அக்காவின் காதருகே குனிந்து, பட்டறைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"எப்படிக்கா?"

"காடி மேட்டுல நின்ன அன்னிக்குச் சாயந்தரமே பைப்படில நின்னு கேட்டேன். எண்ண வாசம் அடிச்சிச்சு, கழுவுனேன், போவல, அப்படின்னாரு. நான் அப்பாகிட்ட சொல்றேன்னு கெளம்புனேன். கையப் புடிச்சிட்டாரு. என்ன மொத மொறையா அப்பத்தான் தொட்டாரு." காகிதத்தின் ஓரத்தை மடித்தாள். "நீ சொன்னா அந்த அடி எங்கக்காவுக்கு விழும், என் கன்னத்தோட போவட்டும், ஒரு மாசத்துல உங்கப்பா கோவம் ஆறிடும், அப்படின்னாரு. நானும் ஆறிடும்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் கெடு முடியறப்பவாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"அம்மா அப்ப சோறு தண்ணி எறங்காமக் கெடந்தாங்க, நெனவிருக்கா? தம்பி போறானே, தம்பி போறானேன்னு. அந்த நேரத்துல, நீங்கதாம்மா காரணம்னு எப்படிடி சொல்றது? எனக்குப் புருஷன் கெடைப்பாரு. அம்மா எனக்கு இருந்திருக்க மாட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அக்கா முழங்கையால் என்னை இடித்தாள். அம்மா எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"என்னாடி, ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க?"

"மாமாவப் பத்திப் பேசிட்டு இருந்தோம்மா" என்றாள் அக்கா.

அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் மலையைப் பார்த்தாள்.

"பாவிப்பய. நான் சாமிகிட்ட அவ்ளோ வேண்டிக் குடுத்தேன். கொஞ்சம் பாத்துப் பூட்டியிருந்தா இந்நேரம் உன்னோட இருந்திருப்பான். என் தம்பிக்கு வேல தெரியலடி."

அக்கா இன்னொரு கட்டுச் சாமந்தியை எடுத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "மாமாவுக்கு வேல தெரியல."